நான்கு ச. கோமதிகளும் ஒரு பச்சைச் சேலையும்

“ச. கோமதி.”

“உள்ளேன் மிஸ்!”

ஒரு குரல் இல்லை, நான்கு குரல்கள். மூலைக்கு ஒன்றாகக் கிளம்பிய சத்தத்தில் ராணி மிஸ் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு ஆளு சொன்னா போதும்மா.”

“நாலு ஆளு இருக்கோம் மிஸ்,” என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே எனக்கு.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். அந்த வகுப்பில் முதல் சிரிப்பு அதுதான்.

எங்கள் பக்கம் இது ஒன்றும் அதிசயம் இல்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தில், கோவிலில் இருக்கிற அம்மன் பெயரே கோமதி என்பதால், தெருவுக்கு நாலு கோமதி உண்டு. அப்பாக்களோ சங்கரன், சங்கரலிங்கம், சங்கரநாராயணன். பெண் பிறந்தால் பெயரை யோசிக்கக்கூட மாட்டார்கள். அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துப் போட்டால் எல்லோருமே ச. கோமதிதான். கடைசியில் மிஸ் எங்களை ஊரை வைத்துப் பிரித்தார். பி.காம். படித்தவள் பனவடலிசத்திரத்திலிருந்து வருகிறவள், அவள் பனவடலி கோமதி. பி.எஸ்சி. கணிதம் படித்த நான் டவுன் கோமதி. மற்ற இரண்டு பேரும் இந்தக் கதைக்குள் வரமாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

காளான் போச்சு

கணக்குப் படித்தவளுக்கு அந்த வகுப்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் எல்லோரும் தங்கள் துறைக்கு வெளியே ஒரு விருப்பப் பாடம் எடுத்தாக வேண்டும். பெயர்தான் விருப்பப் பாடம். முன்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் விருப்பம், பின்னால் நிற்கிறவர்களுக்கு மிச்சம். நான் ஆசைப்பட்டது தாவரவியல் துறையின் காளான் வளர்ப்பு. பருவத்தின் கடைசியில் வளர்த்த காளானையே பிரியாணி போட்டுக் கொடுப்பார்கள் என்று ஒரு சீனியர் அக்கா ஆசை காட்டியிருந்தாள். நான் வரிசையில் நகர்ந்து ஜன்னலுக்குப் போவதற்குள் காளான் நிரம்பிவிட்டது.

“படைப்பிலக்கியப் பயிற்சி மட்டுந்தாம்மா இருக்கு. போடவா?” என்றார் உள்ளே இருந்தவர்.

“போடுங்க சார், என்ன செய்ய,” என்றேன்.

போன வாரம் ஒரு வாசகர், ‘தங்களுக்குச் சிறு வயதிலிருந்தே இலக்கிய தாகம் உண்டா?’ என்று கேட்டு எழுதியிருந்தார். தாகமெல்லாம் இல்லை ஐயா. காளான் கிடைக்கவில்லை.

அந்தப் பாடம் எங்கள் கல்லூரிக்கு அந்த வருடம்தான் வந்தது. ராணி மிஸ் கௌரவ விரிவுரையாளர், இருபத்தேழு வயது இருக்கும். திருவேங்கடத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். மழை பெய்த மறுநாள் இரண்டு சக்கரத்திலும் கரிசல் மண் அப்பியிருக்கும், அதைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார். வேறு அறை காலியில்லை என்று எங்களுக்கு வேதியியல் துறையின் படிக்கட்டு வகுப்பறையை, கேலரியை, ஒதுக்கியிருந்தார்கள். ஒரே அமில வாடை. மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அதை எத்தனை இறுக்கினாலும் நிற்காது.

முதல் நாளே மிஸ் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்.

“நான் இதுவரைக்கும் ஒரு கதைகூட எழுதுனதில்ல. கதையைப் பத்தி நிறையப் படிச்சிருக்கேன், அவ்வளவுதான். அதனால நீங்க எழுதுததை எல்லாம் நானும் எழுதுவேன். என்னோடதை நீங்க திருத்துங்க.”

எந்த ஊரில் எந்த வாத்தியார் இப்படிச் சொல்லியிருக்கிறார்? எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை

முதல் வேலை, ‘நேற்றுக் காலை என் வீடு’. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

முப்பத்தொரு பேரும் எழுதிக்கொண்டு போனோம். முப்பத்தொரு தாளிலும் உச்சியில் ‘முன்னுரை’ என்று கறுப்பு மையில் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டது அது. தலைப்புக்குக் கறுப்பு, உள்ளே நீலம், கடைசியில் மறக்காமல் முடிவுரை. முடிவுரை இல்லாவிட்டால் மார்க் போச்சு. என் முன்னுரையைக் கேளுங்கள்: ‘காலை என்பது ஒரு நாளின் தொடக்கம் ஆகும். காலை நேரத்தின் சிறப்புகளை இக்கட்டுரையில் காண்போம்.’

காண்போமாம்! எங்கள் வீட்டு அடுக்களையில் நடந்ததை எழுதச் சொன்னால் காண்போமாம்!

மிஸ் எங்களைத் திட்டவில்லை. கூச்சப்பட்டுக்கொண்டே தன் தாளை எடுத்து உயர்த்திக் காட்டினார். அதிலும் முன்னுரை இருந்தது, அடியில் கோடும் இருந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து உதவியாளர் அண்ணாச்சி என்னமோ வெடித்துவிட்டது என்று ஓடி வந்துவிட்டார்.

“சரி, எல்லாரும் முன்னுரையையும் முடிவுரையையும் அடிங்க. மிச்சம் இருக்கதை வாசிங்க,” என்றார் மிஸ்.

அடித்தோம். எனக்கு மிஞ்சியது மூன்றே வரி. எழுந்து நின்று வாசித்தேன். ‘அம்மா தோசை சுட்டாள். மாவு புளித்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.’

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“ஏன் உங்கப்பா ஒண்ணும் சொல்லல?” என்று கேட்டாள் பனவடலி கோமதி.

“எங்கப்பா தட்டைத் தள்ளி வச்சிருப்பாரு,” என்றான் ஒருத்தன்.

“முந்தின நாள் சண்டை போட்டிருப்பாங்க. அதான் அவரு வாயைத் தெறக்கல,” என்றாள் வேறொருத்தி.

அவ்வளவுதான். மணி அடிக்கும் வரைக்கும் எங்கள் வீட்டுத் தோசையை வைத்து முப்பது பேர் மல்லுக்கட்டினார்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இத்தனை பேரா! கணக்கில் எத்தனையோ தேற்றங்களை நிரூபித்திருக்கிறேன், ஒரு தடவைகூட யாரும் ‘ஏன் அப்படி ஆச்சு?’ என்று என்னைக் கேட்டதில்லை. அன்றைக்குப் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனேன், அத்தனை சந்தோஷம்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள் எனக்குத் திருவிழாதான். மிஸ் தன் கதையை வாசிப்பார், “மிஸ், இந்த ரெண்டு வரியும் ஒளிச்சு வச்ச முன்னுரை,” என்று நாங்கள் பிடித்துக்கொள்வோம். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு அடிப்பார். கணிதத் துறையில் ஒரு சார், “கதை எழுதி என்னத்தைக் கிழிக்கப்போற?” என்று கேட்டார். அதையும் எழுதிக்கொண்டுபோய் வாசித்துக் கைதட்டு வாங்கினேன்.

வைத்துக் கொடுத்த சேலை

மூன்றாவது மாதம் மிஸ் ஒரு வேலை கொடுத்தார். “உங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சு, ஆனா யாரும் பேசாத ஒரு விசயம். அதை எழுதுங்க.”

நான் யோசிக்கவே இல்லை. பச்சைச் சேலை.

அதைச் சொல்வதற்கு முன்னால், நம் வீடுகளில் நடக்கிற ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். விசேஷ வீடுகளுக்குச் சேலை வைத்துக் கொடுக்கிறோம். நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வைக்கிறார்கள். வருகிறதை எல்லாம் உடுத்த முடியுமா? பீரோவுக்குள் போகும், அங்கிருந்து அடுத்த விசேஷ வீட்டுக்குப் போகும். எல்லா வீட்டிலும் நடக்கும், ஒரு வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொடுத்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

என் அம்மா இதில் ரொம்பச் சூட்டிகை. சேலை கைக்கு வந்ததுமே ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி முந்தானையில் குண்டூசியால் குத்திவிடுவாள். அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். ஜாக்கெட் தைப்பாள், சேலையின் அடியோரத்தில் ஃபால்ஸ் துணி வைத்து அடிப்பாள். எங்கள் வீட்டில் குண்டூசிக்குப் பஞ்சமே கிடையாது.

நான் ஏழாவது படிக்கும்போது திருவேங்கடம் ரோட்டுப் பக்கம் சின்னதாக வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, எனக்குப் பெரியம்மா, வாசுதேவநல்லூரில் இருந்தாள். அவள் வந்து அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை ஒன்றை அம்மா கையில் கொடுத்தாள். அன்றைக்கு மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தவள் எதிர் வரிசையைப் பார்த்தாள். வீடு கட்டிய கொத்தனாரின் மனைவி அதே பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

பால் காய்ச்சுகிற அன்று கொத்தனார் வீட்டுக்கு வேட்டி, சேலை வைத்துக் கொடுப்பார்கள். அந்த அம்மாள் சந்தோஷத்தில் வாங்கிய கையோடு உடுத்திவிட்டார்.

பெரியம்மா பாதி இலையில் எழுந்து, கையைக் கழுவிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு கிடையாது. ஏழு வருடம்! ராஜபாளையம் போகிற பஸ்ஸில் பெரியம்மா தலை தெரிந்தால் அம்மா ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். வீட்டில் யாராவது பெரியம்மா பேச்சை எடுத்தால் தையல் மெஷினின் வேகம்தான் கூடும்.

அன்றைக்குப் பீரோவுக்கு அடியில் ‘அக்கா’ என்று எழுதிய சீட்டு தனியாகக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். அது போதாதா? சீட்டு விழுந்துவிட்டது, அம்மா அவசரத்தில் சேலை மாற்றிக் கொடுத்துவிட்டாள், பெரியம்மா கோபத்தில் கொதித்துப்போய் எழுந்து போனாள் என்று எழுதினேன். முன்னுரை கிடையாது. அப்பளம் நொறுங்குகிற சத்தத்தில் நேராகப் பந்தியில் ஆரம்பித்தேன்.

வாசித்து முடித்தபோது மிஸ் மூக்கை உறிஞ்சினார். “இதை ஆண்டு மலருக்குக் குடுக்கட்டுமா?” என்றார்.

எனக்கு அம்மா முகம் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். “குடுங்க மிஸ்!” என்றேன். அச்சில் பெயர் பார்க்கிற ஆசை கோட்டி பிடித்த ஆசை.

எந்தக் கோமதி?

இப்போதெல்லாம் ஆண்டு மலர் தாளாக வருவதற்கு முன்னால் வாட்ஸப்பில் பிடிஎஃப்பாக வந்துவிடுகிறது. ஒரு வியாழக்கிழமை கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது என் போன் குலுங்கியது. தள்ளித் தள்ளிப் போனேன். வந்துவிட்டது! ‘பந்தி’ என்று தலைப்பு. கீழே, ‘ச. கோமதி, இரண்டாம் ஆண்டு’. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன், சிறிதாக்கிப் பார்த்தேன், மறுபடி பெரிதாக்கினேன். வாங்கி வைத்த டீயில் ஆடை கட்டிவிட்டது.

துறையின் பெயரைப் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது என் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் காலை கல்லூரி வாசலிலேயே பனவடலி கோமதி நின்றுகொண்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது.

“ஏட்டி டவுனு! நீ கதை எழுதுவ, நான் அடி வாங்கணுமா?”

“என்னட்டி ஆச்சு?”

“எங்கம்மா கரண்டிக் காம்பாலயே ரெண்டு வச்சுட்டா. எங்க அத்தை குடுத்த சேலையை எங்கம்மா தூக்கி எங்க சித்திக்கு வச்சுக் குடுத்துட்டா. அத்தை அதைப் பாத்துட்டு மூணு வருசமா எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. வீட்டு விசயத்தை ஊருக்கு அச்சடிச்சுக் குடுக்கியாட்டி மூதின்னு கேக்கா. நான் எழுதலம்மான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ச. கோமதி, ரெண்டாம் வருசம், வேற எவட்டி இருக்கான்னு கேக்கா!”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் கதையைப் படித்து ஒரு ஊரில் ஒரு வீடே ரெண்டுபட்டிருக்கிறது!

“சிரிக்கியா? சிரி. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள காலேஜ் க்ரூப்புல உன் போட்டோவைப் போட்டு, நாந்தான் எழுதுனேன்னு நீயே சொல்லுத. இல்லன்னா நான் சொல்லுதேன்.”

அவள் கேட்டது நியாயம். ஆனால் அந்த க்ரூப்பில் எங்கள் தெருப் பிள்ளைகள் மூன்று பேர் உண்டு. நான் போட்ட அரை மணி நேரத்தில் அம்மா காதுக்குப் போய்விடும். சொல்லாமல் விட்டாலோ என் கதை பனவடலி கோமதி கதையாகிவிடும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடி வாங்கியவளைப் பார்த்துப் பாவமாக இருந்ததைவிட, என் கதையை வேறொரு கோமதிக்கு விட்டுக்கொடுக்க மனசு வராததுதான் பெரிதாக இருந்தது.

வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பயம் இல்லாமல் இல்லை. அம்மா ‘இனிமே பேனாவைத் தொட்ட, பாத்துக்கோ’ என்று சொல்லிவிட்டால் எழுத்து போச்சு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊரறிய எழுதிவிட்டதால் பெரியம்மா இனி நிரந்தரமாக வராமலே போய்விட்டால்? அந்தப் பாவம் என் தலையில்தான் விடியும்.

அம்மாவின் தையல்

சாயங்காலம் அம்மா ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து, “எம்மா, நான் ஒரு கதை எழுதியிருக்கேன், வாசிக்கேன் கேளு,” என்று போனைப் பார்த்து மடமடவென்று வாசித்தேன். அப்பளம் வந்ததும் மெஷின் நின்றது. நான் நிறுத்தவில்லை. கடைசி வரிவரைக்கும் வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். முதுகில் விழப்போகிற அடிக்குத் தயாராக இருந்தேன்.

“சீட்டு விழல,” என்றாள் அம்மா.

“என்னது?”

“சீட்டை நாந்தான் பிச்சுப் போட்டேன். தெரிஞ்சுதான் கொத்தனார் வீட்டுக்குக் குடுத்தேன்.”

நான் போனைத் தரையில் வைத்தேன்.

“அந்தச் சேலை அதுக்கு ரெண்டு வருசம் முன்ன நான் அக்காவுக்கு வச்சுக் குடுத்ததுட்டி. உங்க அத்தையும் நானும் சேந்து போயி எடுத்தோம். ஃபால்ஸுகூட அடிச்சுக் குடுத்தேன். விரிச்சதும் தெரிஞ்சு போச்சு. என் தையல் எனக்குத் தெரியாதா? பெரியப்பாவுக்கு மில்லுல வேலை போயிருந்த நேரம். தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாதுன்னு, இருந்ததுல நல்லதை எடுத்துட்டு வந்திருக்கா. உங்க அத்தை கண்ணுல மட்டும் பட்டிருந்தா தெருத் தெருவா சொல்லிச் சிரிச்சிருப்பா. அதான் வெரசா மடிச்சு, கொத்தனாருக்கு வச்ச தட்டுல போட்டுட்டேன். அந்தப் பொம்பள அங்கனயே உடுத்துவான்னு நான் கண்டேனா? நல்லவேளை, உங்க அத்தை அதுக்கு முந்தியே சாப்பிட்டுக் கெளம்பிட்டா.”

“இதைப் பெரியம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானம்மா?”

“என்னன்னு சொல்ல? நான் குடுத்ததையே எனக்குக் கொண்டாந்துட்டன்னு அவ மூஞ்சிக்கு நேர சொல்லவா? அதுக்கு என்னையக் கொழுப்பெடுத்தவன்னு நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்.”

நான் துள்ளி எழுந்தேன். “எம்மா! நான் எழுதுனதெல்லாம் ஒண்ணுமே இல்ல, இதுதாம்மா கதை! திருத்தி எழுதுதேன்!”

நோட்டை எடுக்க ஓடியவளின் கையை அம்மா எட்டிப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள், வளையல் அழுந்தியது.

“எழுதிராத. நீ எழுதுனதே இருக்கட்டும். நான் தப்பு பண்ணுனவளாவே இருந்துட்டுப் போறேன். எங்க அக்காகிட்ட ஒரு சேலைக்கு வழியில்லாமப் போச்சுன்னு ஒருத்தரும் பேசக்கூடாது. கேட்டியா?”

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவ்வளவு பெரிய மனசைக் கதையில் கூறுகெட்டவளாக எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டேனே! கேட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு க்ரூப்பில் என் போட்டோவைப் போட்டு, ‘பந்தி எழுதிய ச. கோமதி நான்தான், கணிதத் துறை’ என்று எழுதினேன். பனவடலி கோமதி உடனே ஒரு கும்பிடு அனுப்பினாள். ‘எங்கம்மா இன்னும் நம்பல’ என்று கூடவே ஒரு வரி.

திருத்தம்

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும், வாசல் கேட்டை யாரோ தடதடவென்று ஆட்டினார்கள். போய்ப் பார்த்தால் பெரியம்மா! முன்பைவிட மெலிந்திருந்தாள். கழுத்தெல்லாம் வேர்வை, கையில் மருமகளின் போன். அந்த மருமகளின் தங்கை எங்கள் கல்லூரியில்தான் படிக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

“இதை எழுதுன கோமதி நீதானாட்டி?”

“நாந்தான் பெரியம்மா.”

“தப்பா எழுதியிருக்க.”

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

“என்ன பெரியம்மா தப்பு?”

“கோவத்துல எந்திரிச்சுப் போனேன்னு எழுதியிருக்க. கோவம் இல்லட்டி. வெக்கம். அவ எனக்குக் குடுத்ததை அவளுக்கே கொண்டாந்தேன். வீட்டுல வேற புதுச் சேலை இல்ல. அவ மறந்திருப்பான்னு நெனச்சேன். கொத்தனார் பொண்டாட்டி உடம்புல பாத்ததும் தெரிஞ்சு போச்சு, இவ கண்டுக்கிட்டான்னு. அப்பறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்கன உக்காந்து சாப்பிட? என் தங்கச்சி சேலையை மாத்திக் குடுக்க ஆளா? அவளைப் போயி கூறு இல்லாதவளா எழுதி வச்சிருக்கியே. திருத்தி எழுது.”

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

“அவ ஒண்ணும் எழுத வேண்டாம்,” என்றாள்.

“எழுதட்டும். ஏழு வருசமா நீ பழி சொமந்தது போதும்.”

“நான் சொமந்தா ஒனக்கென்ன? ஊரு ஒன்னையப் பேசணுமா?”

“பேசட்டுமே! வேலை போனது நாங்க பண்ணுன குத்தமா? நீ சொல்லாத. அவ எழுதுவா.”

“எழுதுனா கையை ஒடிச்சிருவேன்.”

“எம் புள்ள கையை நீ எப்பிடி ஒடிக்கன்னு பாக்கேன்!”

ஏழு வருடம் கழித்து அக்காவும் தங்கையும் பேசிக்கொண்ட முதல் பேச்சு, என்னை எழுத விடலாமா கூடாதா என்பது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“வாசல்ல நின்னு கத்தாதக்கா. உள்ள வந்து கத்து.”

பெரியம்மா செருப்பைக் கழற்றிப் போட்டாள். நான் பேனாவைத் தேடி ஓடினேன்.